ஊட்டிப் பக்கம் 6 சென்ட்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அடுத்த வருஷம் ஓய்வு. மகன் பெங்களூரில். மே மாதம் ஊட்டிக்குப் போயிருந்தபோது, எமரால்டு போகும் வழியில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே 6 சென்ட் இடம் பார்த்தோம். திருப்பூர்ப் புறநகரில் கேட்கும் விலையில் பாதிகூட இல்லை. சத்தமில்லாத இடம், சின்ன வீடு, நாலு பாத்தி கேரட் என்று அவர் கனவு காண்கிறார். இந்த மாதமே அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டுமாம். எனக்கு வீசிங் உண்டு. வண்டி ஓட்டத் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடுகூட இல்லாத இடத்தில் எப்படி இருப்பது என்று பயமாக இருக்கிறது. "ஊரே ஆசைப்படும் இடம் உனக்கு மட்டும் கசக்கிறதா?" என்று கோபித்துக்கொள்கிறார். நான் மறுப்பது சுயநலமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மறுப்பில் எனக்குச் சுயநலம் எதுவும் தெரியவில்லை. அவர் ஆசையிலும் தப்பில்லை. பவர் டேபிள் தையல் மிஷின் சத்தத்திலும் ஷிப்மென்ட் அவசரத்திலும் காலத்தைக் கழித்தவர், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கலாமே என்று நினைப்பது நியாயம்தான். நான் குன்னூரில் குடியிருப்பவள். மே மாதம் பார்த்து மயங்கி வந்து, அடுத்த மே வருவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கேயே சந்தோஷமாக ஒட்டிக்கொண்டவர்களையும் தெரியும். நான் பார்த்தவரை, ஒட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் முதலில் வாடகைக்கு இருந்து பார்த்தவர்கள். உங்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் அந்த 6 சென்ட். அவசரம் அதில்தானே இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தை நறுக்கிச் சென்ட் கணக்கில் விற்பது இங்கே பழைய வியாபாரம். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்ய 2016-லிருந்து தடை இருக்கிறது. அதனால் மனை என்று எழுதாமல் தேயிலைத் தோட்டம், விவசாய நிலம் என்றே பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். பத்திரம் பதிவாகிவிடும். பட்டாகூட உங்கள் பெயருக்கு மாறிவிடலாம். வீடு கட்ட அனுமதி கேட்டு நிற்கும்போதுதான் சங்கதி தெரியவரும். 'ஹாகா' என்று இங்கே எல்லோரும் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-லிருந்து இருக்கிறது. சரிவு எவ்வளவு, மண் எப்படி, பக்கத்தில் ஓடையா காடா என்று பல துறைகள் பார்த்துச் சொன்ன பிறகுதான் எதுவும் நகரும். கட்டடம் 7 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. ஜேசிபி வைத்து மண் எடுக்கவும் போர் போடவும் கலெக்டர் அனுமதி வேண்டும். குறுக்கே நிற்கும் மரத்தை வெட்டுவதற்கும் 1955-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஆகவே தரகரிடம் "பட்டா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "கிளியர் டைட்டில் சார்" என்பார்; அது உண்மையாகவும் இருக்கும். நகர் ஊரமைப்புத் துறை அங்கீகரித்த மனையா, அங்கீகார ஆணையின் நகல் எங்கே என்று கேளுங்கள். அங்கே பேச்சு கொஞ்சம் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம். இதைவிட மலிவாகக் கூடலூர் பக்கம் இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பேச்சே வேண்டாம். 1969-ன் ஜென்மம் (பழைய ஜமீன் மாதிரியான நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தில் 17-வது பிரிவு நிலம் என்று, உரிமை யாருக்கு என்று முடிவாகாத ஒரு பெரிய சிக்கல் அங்கே உண்டு. தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இடம் சுத்தமானது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது மழை. நீங்கள் பார்த்த மே மாத எமரால்டு வேறு, ஜூலை மாத எமரால்டு வேறு. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுவது அவலாஞ்சி, எமரால்டு, கூடலூர் என்று மாவட்டத்தின் இந்த மேற்குப் பக்கத்தில்தான். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் கொட்டியது. திருப்பூரில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இன்றைக்கும் நவம்பர் மழை வலுத்தால், மேட்டுப்பாளையம் ரோடு திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம்.

அதனால் எந்தப் பக்கம் இடம் பார்த்தாலும், வீட்டு முன்னால் தெரியும் காட்சியை ரசித்தது போதும் என்று பின்பக்கம் போய்ப் பாருங்கள். மலையை நேராக வெட்டி விட்டிருக்கிறார்களா? தடுப்புச் சுவர் உண்டா? அந்தச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா? மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்? ஓடை போகும் தடத்தை மண் போட்டு மூடி அதன்மேல் வீடு கட்டியிருப்பது உண்டு. விலை குறைவு என்று வருபவர்களின் தலையில் அது வந்து விழும். பக்கத்தில் தேயிலை பறிக்கும் அம்மாவைக் கேட்டால் போன மழைக்கு எங்கே இடிந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார். தரகரைவிட அவரை நம்பலாம்.

இனி அவர் தேடும் அமைதிக்கு வருவோம். மலையில் அமைதி இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. கேத்தி பாலாடா என்ற ஊரின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். படம் பிடித்து மாட்டலாம் போலப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட் தோட்டம். அந்தக் கேரட் காலையில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டுமே! நடுராத்திரிக்குப் பிறகு தலையில் டார்ச் கட்டிக்கொண்டு அறுவடைக்கு இறங்குவார்கள். விடியுமுன்னே கேரட் கழுவும் மிஷின்கள் ஓட ஆரம்பிக்கும். லாரிகள் வரிசை கட்டும். பாவம், அவர்கள் பிழைப்பு அது. ஆனால் சத்தத்துக்குப் பயந்து அங்கே போய்க் குடியேறுவதில் அர்த்தமில்லை. உங்கள் வீட்டுக்காரர் போடப்போகும் நாலு பாத்தி தனிக் கதை. மருந்து அடிக்காமல் கேரட் எடுப்பது எவ்வளவு பாடு என்று இங்குள்ள விவசாயிகளிடமே அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

சத்தமே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே மனிதர்களும் இருக்க மாட்டார்கள். காட்டெருமை வாசலில் நிற்கும். எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவை உடைக்கும். நாய் வளர்த்தால் சிறுத்தை தேடி வரும். இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான், பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இருட்டிய பிறகு தனியாக வெளியே போக மாட்டோம். இங்கேதான் உங்கள் பயம் நூற்றுக்கு நூறு சரி. வீட்டுக்காரர் நினைத்தால் காரை எடுத்துக்கொண்டு டீ குடிக்கவாவது போய்வருவார். வண்டி ஓட்டத் தெரியாத நீங்கள் பாலுக்கும் மருந்துக்கும் பேச்சுத்துணைக்கும் அவர் சாவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அதுவும் இல்லை. இதைக் கோபப்படாமல் இப்படியே அவரிடம் சொல்லுங்கள். அவர் யோசித்திருக்க மாட்டார்.

வீசிங் விஷயத்தை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். மே மாதம் மூச்சு நன்றாக இருந்ததைக் கணக்கில் வைக்காதீர்கள். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்வெளி வெள்ளையாகிவிடும். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. ஈரத்துக்கு என்ன செய்வது? மழைக்காலத்தில் துணி நாள்கணக்கில் காயாது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும். வீசிங் இருப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது அதுதான். வெயில் விழும் வீடா என்று பார்ப்பதை இங்கே முதல் பொருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காய்வதை மட்டும் செய்யவே கூடாது, உயிரைக் குடித்துவிடும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியின் புது மருத்துவமனை 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறந்தது பெரிய ஆறுதல். இருந்தாலும் பெரிய சிக்கல் என்றால் கோவைக்கு இறங்குபவர்கள்தான் இன்னமும் அதிகம், அந்த மலைப்பாதை வழியே.

அப்படியானால் வரவே வேண்டாமா? வாருங்கள், வாடகைக்கு. அடுத்த வருஷம் ஓய்வு என்கிறீர்கள். ஜூனில் ஏறி, அதற்கடுத்த பிப்ரவரி வரையாவது இருந்து பாருங்கள். இரண்டு மழையும் ஒரு பனியும் அதற்குள் முடிந்துவிடும். மேற்குப் பக்கம் வேண்டாம். ஊட்டி - குன்னூர் ரோட்டை ஒட்டிக் கேத்தி (நான் சொன்ன கேத்தி பாலாடா இல்லை), எல்லநள்ளி, அருவங்காடு என்று இருக்கும் ஊர்களில் தேடுங்கள். இரண்டு டவுனுக்கும் நடுவில் இருப்பதால் பஸ் கிடைக்கும், வாடகை டவுனைவிடக் குறைவு, மருந்துக்கடைக்கு நீங்களே போய்வரலாம். கேத்தியில் மலை ரயில் நிற்கும், ஆனால் அதை நம்பிப் பிழைக்க முடியாது. அது பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள் வண்டி. குளிர் கொஞ்சம் குறைவாக வேண்டுமென்றால் கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டு, அரவேனு பார்க்கலாம். உங்கள் உடம்புக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர்களுக்குள் வெளியாருக்கு வீடு கிடைப்பது அபூர்வம். ரோட்டோரக் காலனிகளில் கிடைக்கும். பக்கத்து ஹட்டியில் பழகினால் நல்ல மனிதர்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உங்களையும் கூப்பிடுவார்கள்.

வீடு பார்க்கும்போது தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று வீட்டு உரிமையாளரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேளுங்கள். இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று நினைக்காதீர்கள், குன்னூரில் கோடை வந்தால் குடம்தான். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, போனில் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறதா என்பதையும் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். ஒரு நல்ல குக்கர் கொண்டுவாருங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. அப்புறம், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. உள்ளூர் டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம். உங்கள் திருப்பூர் நம்பர் காருக்கும், மகன் வந்தால் அவன் வண்டிக்கும் வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவும் வைத்திருக்கிறார்கள். பேரக்குழந்தைகள் மே மாதம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரியிலும் இருவருக்கும் இங்கேயே இருக்கப் பிடித்திருந்தால் அப்போது இடம் பார்க்கலாம். அதற்குள் எந்த வளைவில் மண் சரியும், எந்தத் தெருவில் தண்ணீர் வரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அட்வான்ஸை மட்டும் இந்த மாதம் கொடுக்க விடாதீர்கள். "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று தரகர் போன் பண்ணுவார். அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.