ஆபரேஷன் முடிந்த பிறகும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் தேவையா?

கேள்வி: நான் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். குடலிறக்கம் போன்ற ஆபரேஷனுக்குப் பிறகும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறோம். பயிற்சி வகுப்பிலோ ஒரு டோஸ் போதும் என்றார்கள். அங்கே தலையாட்டிய டாக்டர்களே வார்டுக்கு வந்ததும் ஐந்து நாள் எழுதுகிறார்கள். எது சரி? நான் இதைக் கேட்கலாமா?

பதில்: வகுப்பில் சொன்னதுதான் சரி. கேட்கவும் செய்யலாம்.

தோலைக் கீறும் நேரத்தில் திசுக்களில் மருந்து போதுமான அளவு இருக்க வேண்டும். தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே போடும் தடுப்பு டோஸ் அதற்காகத்தான். செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் போட வேண்டும். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ரத்தம் அதிகம் போனாலோ நடுவில் இன்னொன்று. தையல் போட்டு மூடிய பிறகு தடுப்புக்காக மருந்தைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. புண்ணுக்குள் சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் இருக்கிறது என்பதும் காரணமாகாது. தொடர்ந்தால் புண் சீக்கிரம் ஆறப்போவதில்லை. பேதியும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், ஐந்து நாள் ஊசியைத் தவறாமல் போடும் இடங்களில்தான் அந்த முதல் டோஸ் சொதப்பும். தியேட்டரிலிருந்து அழைப்பு வந்ததும் வார்டிலேயே ஊசியைப் போட்டு அனுப்புவார்கள். முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போகும். இவர் வெளியே ஸ்ட்ரெச்சரில் இரண்டு மணி நேரம் படுத்திருப்பார். கத்தி படும்போது ரத்தத்தில் பாதி மருந்துகூட இருக்காது. ஊசியைத் தியேட்டருக்குள் போடும்படி மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

டாக்டர்களுக்குத் தெரியாமல் இல்லை. பயம்தான். புண்ணில் சீழ் பிடித்தால் “ஏன் மருந்தை நிறுத்தினீர்கள்?” என்று எல்லோரும் கேட்பார்கள், தேவையில்லாத மருந்தால் பேதி வந்தால் யாரும் கேட்பதில்லை. அப்புறம், பெரிய டாக்டர் எழுதியதை ஜூனியர் அப்படியே கேஸ் ஷீட்டில் இறக்கிவிடுவார்.

அதனால் “ஏன் கொடுக்கிறீர்கள்?” என்று ஆரம்பிக்காதீர்கள். ரவுண்ட்ஸில், “சார், இது தடுப்புக்கா, சிகிச்சைக்கா? எத்தனை நாள் என்று எழுதிவிடுகிறீர்களா?” என்று கேளுங்கள். தடுப்புக்கு என்றால், அவரே யோசித்து நிறுத்த வாய்ப்புண்டு. சிகிச்சை என்றால் கதை வேறு: அப்பெண்டிக்ஸ் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் சில நாள் மருந்து வேண்டும். நீங்களாக எந்த டோஸையும் நிறுத்தாதீர்கள். கேட்டும் மாறவில்லை என்றால், தலைமை நர்ஸ் மூலமாகத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சிறுநீர்க் குழாய் போட்டவருக்குச் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டாம். குழாய் சில வாரம் இருந்தால் யாருக்கும் கிருமி வளரும். ரிப்போர்ட்டைப் பார்த்து, காய்ச்சலே இல்லாதவருக்கும் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். உண்மையிலேயே அனுப்ப வேண்டி வந்தால், பையிலிருந்து பிடிக்காமல், குழாயில் அதற்கென்று இருக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு எடுங்கள்.