வைஃபை வரவில்லை என்றால் போர்டு பிழை இல்லை

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்தபோது தன்னுடைய பழைய எச்.பி. லப்டொப்பை என் மகளுக்குத் தந்துவிட்டுப் போனார். 2014 இல் வாங்கியது, 4 ஜி.பி. ராம். மகள் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். விண்டோஸ் 10 ஆமை மாதிரி ஓடியதால் பக்கத்து வீட்டுப் பெடியன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தந்தான். இப்போது வேகம் பரவாயில்லை, ஆனால் வைஃபை என்ற ஒன்றே காட்டவில்லை. ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "இந்தப் போர்டுக்கு லினக்ஸ் பொருந்தாது, வைஃபை கார்டும் செத்துவிட்டது. கார்டை மாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். விடலாமா?
ஒரு தாய், மல்லாவி

பதில்: விட வேண்டாம். விட்டிருந்தால் இன்றைக்கே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

போர்டுக்கு லினக்ஸ் பொருந்தாவிட்டால் திரையே வந்திருக்காது. திரை வருகிறது, கீபோர்ட் வேலை செய்கிறது, வேகமும் கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் போர்டும் லினக்ஸும் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன. முரண்டு பிடிப்பது வைஃபைச் சில்லு ஒன்று மட்டும். அதுவும் செத்துப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. விண்டோஸ் இருந்த கடைசி நாள் வரைக்கும் வைஃபை வந்ததா என்று மகளிடம் கேளுங்கள். வந்தது என்றால் கடைக்காரரின் கதை அந்த இடத்திலேயே முடிந்தது.

உங்களுக்கு நடந்தது இதுதான். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தோடும் பேசுவதற்கு டிரைவர் என்ற சிறிய மென்பொருள் வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் உள்ளேயே வந்துவிடும். அதனால்தான் பழைய லப்டொப்களில் போட்டவுடன் எல்லாம் வேலை செய்கிறது. இன்டெல் வைஃபைச் சில்லு என்றால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். ஆனால் அந்தக் காலத்து எச்.பி., டெல் லப்டொப்கள் பலவற்றில் புரோட்கொம் கொம்பனியின் சில்லு இருக்கிறது. அதிலும் 43142 என்ற இலக்கம் கொண்டது இந்தத் தொல்லைக்குப் பேர்போனது. அந்தக் கொம்பனி 2010 இல் சில சில்லுகளுக்கு மட்டும் டிரைவரை யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து கொடுத்தது. 43142 அதில் சேரவில்லை. அதற்கு மூடிய டிரைவர் ஒன்று தனியாக உண்டு. மின்ட் அதைத் தானாகப் போடாது, நீங்கள் கேட்டால் போடும்.

முதலில் சில்லு எது என்று பாருங்கள். டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்தில் எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்து எழுத்தை அடித்து என்டரைத் தட்டச் சொல்லுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் நெட்வேர்க் கொன்ரோலர் என்று தொடங்கும் வரியில் புரோட்கொம் என்றிருந்தால் நான் சொன்னது சரி.

இனி, வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுக் கடைக்கு ஓடுகிறார்கள். போரில் பெற்றோல் வராத காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதை மல்லாவிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சப் பெற்றோல் காட்டி ஸ்ராட் எடுத்துவிட்டால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். இங்கே அந்தக் கொஞ்சப் பெற்றோல் உங்கள் போன் டேட்டாதான். போனைச் சார்ஜ் வயரால் லப்டொப்பில் கொழுவி, போனின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் இருக்கும் இடத்தில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதைப் போட்டுவிடுங்கள். லப்டொப்புக்கு இணையம் வந்துவிடும். பிறகு மெனுவில் டிரைவர் மனேஜரைத் திறந்தால் புரோட்கொம் பெயரோடு ஒன்று காட்டும். அதைத் தெரிவுசெய்து, முடிந்ததும் ஒருதரம் நிறுத்திப் போடுங்கள். போன் டேட்டாவில் இருக்கும்போது அப்டேட் மனேஜரில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது நூற்றுக்கணக்கான எம்.பி.யை இழுத்துவிடும்.

பெடியன் மின்ட் போட்டுத் தந்த அந்தப் பென்ட்ரைவ் கையில் இருந்தால் டேட்டாகூடத் தேவைப்படாமல் போகலாம். இணையம் இல்லாத நேரத்தில் டிரைவர் மனேஜர் அந்தப் பென்ட்ரைவைக் கொழுவச் சொல்லிக் கேட்கும். பெடியனிடம் இரவல் வாங்கிப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் வராவிட்டால், அனுமதி இல்லாத டிரைவரைத் தடுக்கும் செக்கியூர் பூட் என்ற பூட்டு காரணமாக இருக்கலாம். லப்டொப்பை ஓன் பண்ணியவுடன் எஃப்10 ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் எச்.பி.யின் பயொஸ், அதாவது இயங்குதளத்துக்கு முன்னமே ஓடும் அடிப்படை மென்பொருளின் செட்டிங்ஸ், திறக்கும். அங்கே செக்கியூர் பூட்டை நிறுத்திச் சேமியுங்கள். அடுத்த முறை ஓன் ஆகும்போது நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டி அதை அடிக்கச் சொல்லும். பயப்பட ஒன்றுமில்லை, அடித்து என்டரைத் தட்டுங்கள். இன்னொன்றும் நடக்கலாம். சில மாதம் கழித்து, கெர்னல் என்ற அடிப்பாகம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் வைஃபை திரும்பவும் காணாமல் போகும். மூடிய டிரைவர் புதிய கெர்னலோடு ஒத்துப்போகச் சில நேரம் பிந்தும். ஓன் ஆகும்போது வரும் பட்டியலில் அட்வான்ஸ்ட் என்பதற்குள் போய்ப் பழைய கெர்னலைத் தெரிவுசெய்தால் சரியாகிவிடும். அன்றைக்கும் யாராவது "கார்ட் செத்துவிட்டது" என்பார்கள்.

கடைக்காரர் கார்டை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய எச்.பி. லப்டொப்கள் பலவற்றில், கொம்பனி தன் பட்டியலில் வைத்திருக்கும் வைஃபை கார்டை மட்டும்தான் பயொஸ் ஏற்கும். வேறு கார்டைப் போட்டால் 104 என்ற எண்ணோடு ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டி அப்படியே நின்றுவிடும். அதைக் காட்டி "பார்த்தீர்களா, போர்டு போய்விட்டது" என்று அடுத்த பில் எழுதுவார்கள். இப்படிப் பயந்துபோய் நல்ல லப்டொப்பைக் கழிவு விலைக்குக் கொடுத்தவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். யூ.எஸ்.பி.யில் கொழுவும் குட்டி வைஃபை டொங்கிள் வாங்கச் சொன்னாலும் பெட்டியில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் அதெரோஸ் சில்லு இருந்தது, கொழுவியவுடன் லினக்ஸில் ஓடும். இரண்டாம் பதிப்பில் அதே பெயரில் ரியல்டெக் சில்லு வந்தது, அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

விண்டோஸ் 11 கதைக்கு வருவோம். மைக்ரோசொஃப்ட்டின் சொந்தக் கணக்குப்படி அதற்கு இன்டெல் எட்டாம் தலைமுறைப் புரொசசராவது வேண்டும். 2014 லப்டொப்பில் அது இருக்க வழியே இல்லை. குறுக்கு வழியால் திணித்து, களவுச் சாவியும் போட்டுத் தருவார்கள். 4 ஜி.பி. ராமில் அது படும் பாட்டை மகள்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஹாட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும், அதைவிட வேகமான ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போடுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், கழற்றிய ஹாட் டிஸ்க்கைக் கையோடு வாங்கி வாருங்கள். அதில் தம்பியின் பழைய படங்களும் கடிதங்களும் இருந்திருக்கும். அழித்து லினக்ஸ் போட்டாலும் தோண்டி எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

மகளின் படிப்புக்கு லினக்ஸ் காணுமா என்று கேட்பீர்கள். பைதான், எச்.டி.எம்.எல்., எஸ்.கியூ.எல். எல்லாம் இதில் இன்னும் நன்றாகவே ஓடும். வகுப்பில் திறந்த மூல மென்பொருள் என்றால் என்னவென்று எழுதச் சொல்லி மார்க் போடுகிறோம், அதே வகுப்பின் கணினிகளில் களவு விண்டோஸ் ஓடுகிறது. கணினிக் கூடத்துக்கு நாடா வெட்ட வருகிறவர்கள், அதில் பாதி மெஷின் ஓடாமல் கிடக்கும்போது அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பென்ட்ரைவில் இருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கக் காட்டிக் கொடுத்திருந்தால் இந்தக் கடைகளுக்கு இவ்வளவு வியாபாரம் இருக்காது. சரி, விடுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். பாரிஸில் வாங்கியது என்றால் கீபோர்ட் பிரெஞ்சுக் கீபோர்டாக இருக்கும். அதில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருக்கும். மின்ட் போடும்போது பெடியன் ஆங்கிலக் கீபோர்ட் என்று கொடுத்திருந்தால், கட்டையில் இருக்கும் எழுத்து ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. வைஃபை வந்த பிறகும் "பாஸ்வேர்ட் பிழை" என்று காட்டினால் ரவுட்டரைச் சந்தேகிக்க முன்னம், பாஸ்வேர்டைக் காட்டு என்ற பெட்டியைத் தட்டி என்ன விழுகிறது என்று பாருங்கள். கீபோர்ட் செட்டிங்ஸில் பிரெஞ்சைச் சேர்த்தால் தீர்ந்தது.

அந்த நெட்வேர்க் கொன்ரோலர் வரியில் புரோட்கொம் அல்லாத வேறு பெயர் இருந்தால், வரியைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். கடைக்காரர் சொன்னதை எழுத வேண்டாம், படம் மட்டும் போதும்.