செங்கல் கனத்தில் ஒரு போன்: பழைய செல்போன்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, செல்போனில் முதன்முதலில் பேசியவர் யார்?

பதில்: மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர். 1973 ஏப்ரல் 3 அன்று, நியூயார்க் வீதியில் நின்றபடி, ஒரு கிலோவுக்கு மேல் கனத்த மாதிரிக் கருவியில் பேசினார். அழைத்தது யாரைத் தெரியுமா? போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கெலை! வம்பை விலைக்கு வாங்குவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கருவி டைனாடாக் 8000எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விலை 3,995 டாலர். அரை மணி நேரம் பேசலாம். சார்ஜ் ஏறப் பத்து மணி நேரம்.

கேள்வி: எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் பேசாதபோதும் போனும் கோபுரமும் தமக்குள் சமிக்ஞை பரிமாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தடத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஏறிக்கொண்டதுதான் குறுஞ்செய்தி. கிடைத்தது 140 பைட், அதாவது 1,120 பிட் (கணினிக் கணக்கில் மிகச் சிறிய அலகு பிட்; எட்டு பிட் ஒரு பைட்). ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் வகுத்தால் 160. இது போதுமா என்று பார்க்க, ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் 1985-இல் தட்டச்சில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். முதல் செய்தி 1992 டிசம்பர் 3 அன்று, பொறியாளர் நீல் பாப்வொர்த் கணினியிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து. பெற்றவரால் பதில் அனுப்ப இயலவில்லை. அவருடைய போனில் அதற்கு வழியே இல்லை!

கேள்வி: தமிழில் எழுதினால் மட்டும் சீக்கிரம் இடம் தீர்ந்துவிட்டதே, ஏன்?

பதில்: பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடில், தமிழுக்குக் குறிக்கு 16 பிட். அதே 1,120-ஐ வகுத்தால் 70தான். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் நம்மிடம் ஊன்றியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பேன்.

கேள்வி: பாம்பு விளையாட்டு?

பதில்: நோக்கியா 6110, 1997.

கேள்வி: தொடுதிரை ஐபோனில்தானே முதலில் வந்தது?

பதில்: இல்லை. 1994-இலேயே ஐபிஎம் சைமன் தொடுதிரையோடு விற்பனைக்கு வந்தது. மின்னஞ்சல், நாட்காட்டி எல்லாம் உண்டு. பேட்டரிதான் ஒரு மணி நேரத்தில் கைவிரித்துவிடும்.

கேள்வி: வரும் அழைப்புக்கும் காசு கட்டினோம் என்கிறார் அப்பா. நம்பலாமா?

பதில்: தாராளமாக. தெற்காசியாவில் இலங்கை 1989-இலேயே செல்போன் சேவையைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, தில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதல் அழைப்பு. வரும் அழைப்புக்குக் கட்டணம் ஒழிந்தது 2003-இல். அதுவரை, மணி அடித்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு துண்டித்துவிட்டு, மளிகைக் கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனுக்கு ஓடியவர்களில் அடியேனும் ஒருவன்.