சிமெண்ட் களத்தில் குதிக்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 17 வயது, ஊர் டீமில் வாலிபால் ஆடுகிறேன். எகிறி அடிக்க பிளையோமெட்ரிக் என்கிற குதிக்கும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் தினமும் 300 முறை குதிக்கிறேனுங்க. இப்போது முட்டிக்குக் கீழே வலிக்கிறது. தொடரலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உடனே நிறுத்துங்க தம்பி. வலி முழுசாகப் போகும்வரை குதிக்கவே கூடாது, குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்க.

பிளையோமெட்ரிக் காலைக் களைக்க வைக்கிற பயிற்சி இல்லை. தரையில் இறங்கும்போது தொடைத் தசையும் குதிகால் நாணும் இழுபடும், அந்த இழுப்பில் சேர்கிற விசையை அந்தக் கணமே எகிறலாக மாற்றுவதுதான் சூட்சுமம், பாதம் தரையில் அதிக நேரம் தங்கினால் அதில் ஒரு பகுதி வீண். 300 முறை குதித்துச் சோர்ந்த காலுக்கு அந்த வேகம் எங்கிருந்து வரும்? சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி வளர்த்தெடுத்த முறை, உயரத்திலிருந்து இறங்கி உடனே எகிறுவது, நல்ல கால்பலம் உள்ளவர்களுக்கானது. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வலி போனதும் சில வாரம் ஸ்குவாட் (முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவது) செய்து காலைப் பலப்படுத்துங்க. அப்புறம் வாரம் 2 நாள், நடுவில் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வு, ஒரு நாளைக்கு 80 குதி போதும். புல்தரை நல்லது. சத்தமில்லாமல் இறங்கணும், முட்டி உள்பக்கம் சாயவே கூடாது, சாய்ந்தால் அன்றைக்கு அத்தோடு சரி. மேட்ச் நடக்கும் வாரத்தில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்க.