கும்பிட்டும் ஒன்றும் நடக்காதபோது, கடவுள் நல்லவர், கைவிட மாட்டார் என்று எப்படி நம்புகிறீர்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் வாசித்தேன். அம்மாவுக்கு ஒரு வருஷமாகச் சுகமில்லை, வேலையும் போய்விட்டது, போகாத கோயில் இல்லை, ஆனாலும் ஒன்றும் மாறவில்லை, நம்புகிறவர்கள் எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று இரவு வாசித்தது, இன்றைக்கு முழுக்க மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் திருகோணமலை. வீடு திருக்கடலூரில், அப்பாவுக்குக் கடற்தொழில். எனக்கு நடந்ததையும் எங்கள் ஊர்க் கோயிலுக்கு நடந்ததையும் சேர்த்துத்தான் என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. "எல்லாம் நன்மைக்கே" என்றோ "போன பிறவிப் பாவம்" என்றோ யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடுங்கள். நானும் சைவக்காரிதான், வினை உண்டு என்று நம்புகிறவள்தான், ஆனால் அது ஒருவர் தன்னைப் பார்த்துத் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். அழுதுகொண்டிருக்கிற இன்னொருவரின் தலையில் அதைத் தூக்கி வைக்கக் கூடாது. எனக்கு வைத்தார்கள், அதனால் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 எனக்குப் பதின்மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள் (பௌர்ணமி விடுமுறை), அப்பா கடலுக்குப் போகவில்லை. அதனால் உயிரோடு இருக்கிறார். வள்ளம், எஞ்சின், வலை, வீடு எல்லாம் போனது. அடுத்த ஒன்றரை வருஷம் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருந்து, பழையபடி கொஞ்சம் எழும்புகிற நேரத்தில் 2006இல் மறுபடியும் சண்டை தொடங்கியது. எங்கள் பக்கத்திலிருந்து கன சனம் மன்னார்க் கரையிலிருக்கிற பேசாலைக்குப் போய் அங்கேயிருந்து படகேறி இந்தியாவுக்குப் போனார்கள், நாங்களும் போனோம். படகுக்காரர் இரவில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, விடிந்தால் யாராவது வந்து ஏற்றுவார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். பதினேழு பேர். கைக்குழந்தை இரண்டு. திட்டு என்றால் ஏதோ தீவு என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டு வளவை விடக் கொஞ்சம் பெரிய மணல், அவ்வளவுதான், தண்ணீர் ஏற ஏற அதுவும் சின்னதாகிக்கொண்டே வந்தது.

அம்மா அன்றிரவு பாடினார். எங்கள் ஊர்ச் சிவனான கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய தேவாரம், ஒவ்வொரு பாட்டும் "கோணமா மலையமர்ந் தாரே" என்று முடியும், எங்கள் ஊரில் நடை பழகும்போதே அது காதில் விழுந்துவிடும். எனக்கு அந்த நேரம் சரியான கோபம். கோணமலையில் அமர்ந்தவர் எங்களை ஏன் இந்த மணலில் கொண்டுவந்து விட்டார் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் காலடியில் ஏறுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்து வெயில் ஏறின பிறகு ஒரு மீனவர் வள்ளத்தில் வந்தார். முதலில் யாரையும் ஏற்றவில்லை, தன்னுடைய சாப்பாட்டு வாளியைத் திறந்து அதிலிருந்த கஞ்சியைக் கைக்குழந்தை வைத்திருந்த இரண்டு பேருக்கும் கொடுத்து, அவர்கள் குடித்து முடியும்வரை பேசாமல் நின்றார்.

பிறகு தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாம், ஐந்து வருஷம். ஒருமுறை இராமேஸ்வரம் கோயிலுக்குப் போனபோது அம்மா அக்கினி தீர்த்தக் கரையில் கிழக்கே பார்த்து நின்று அதே பதிகத்தைத் திரும்பவும் பாடினார். அப்போதுதான் சொன்னார், சம்பந்தர் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லையாம், ஏழாம் நூற்றாண்டில் இதே இராமேஸ்வரத்தில் நின்றுதான், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோணமலையை நினைத்துப் பாடினாராம். "அவரும் பார்க்கேல்லை பிள்ளை, நாங்களும் இப்ப பார்க்கேலாமல்தான் நிக்கிறம்." பதினாறு வயதில் அது எனக்குள் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

2011இல் ஊருக்குத் திரும்பினோம். 2016இல் எனக்குக் கல்யாணம். இப்போது எழுதக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன்.

2019 ஜூன் மாதம், எட்டாம் மாதத்தில், என்னுடைய பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. காரணம் என்ன என்று யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, நானும் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாதே. மூன்றாம் நாள் பால் கட்டிவிட்டது. நெஞ்சு கல் மாதிரி, காய்ச்சல், சட்டை பட்டால்கூட உயிர் போகிற வலி. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் என் தலைமாட்டில் நின்றுதான் அந்தப் போன பிறவிக் கதையைச் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி, முஸ்லிம் பிள்ளை, அவளுக்குத் துணையாக அவளுடைய உம்மா (அம்மா). அந்த நேரம் எப்படி இருந்தது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் முஸ்லிம் தீவிரவாதிகள் நடத்திய ஏப்ரல் குண்டுவெடிப்பு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், ஒரே வாட்டில் படுத்திருந்தாலும் முகம் பார்த்துக் கதைக்கப் பயம். அந்த உம்மா மட்டும் இரண்டு நாளாக என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பின்னேரம் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, "மகள், மல்லிகைப் பூவ வச்சி இறுக்கிக் கட்டினா பால் நிண்டுரும், ஒங்கட உம்மாக்குச் சொல்லல்லயா" என்று கேட்டார். அம்மாவுக்கும் அது தெரிந்த வைத்தியம்தான். ஆனால் அம்மாவும் பேரனைப் பறிகொடுத்தவர், எதை யோசிப்பார்.

பூவுக்கு எங்கே போவது? பார்வையாளர் நேரம் முடிந்துகொண்டிருந்தது. உம்மா தன்னுடைய மகனுக்கு அழைப்பு எடுத்து, காளி கோயிலடியில் பூ விற்கிறார்கள், வாங்கிக்கொண்டு வா என்றார். அந்தப் பொடியன், பதினெட்டு வயது இருக்கும், தொப்பி போட்டுக்கொண்டு, அந்த மாதத்தில், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் போய் நின்று மல்லிகைப் பூ வாங்கியிருக்கிறான். வாழையிலையில் சுற்றி வாட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான், நான் அவனைப் பார்க்கவில்லை. உம்மாதான் நர்ஸிடம் கேட்டுவிட்டுத் திரையை இழுத்து மறைத்து, பூவை அடுக்கி, ஒரு பழைய பருத்திச் சீலைத் துண்டால் அம்மாவையும் பிடிக்கச் சொல்லிக் கட்டினார். ஈரப் பூ, குளிர்ந்தது. கட்டும்போது வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். என்ன என்று பிறகு கேட்டேன். பொறுமையாக இருக்கிறவர்களோடு அல்லாஹ் இருக்கிறான் என்று சொன்னார்.

அன்றைக்கே எனக்கு நம்பிக்கை திரும்பி வந்தது என்று சொல்ல மாட்டேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் நான் கோணேசர் மலை ஏறவே இல்லை. விளக்கு ஏற்றவில்லை. அம்மா வற்புறுத்தவில்லை, தான் மட்டும் போய்விட்டு வந்து திருநீற்றை மேசையில் வைப்பார், நான் தொட மாட்டேன். ஆனால் எங்கே மல்லிகை வாசம் வந்தாலும் அந்தக் கட்டில் ஞாபகம் வந்துவிடும், அதோடு, யாரோ என்னை நினைத்து அந்த வாசலில் போய் நின்றார்கள் என்பதும் சேர்ந்து வரும். என்னை விட்டுவிட்டுப் போனார் என்று நான் யாரைச் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அவர் அந்தத் திரைக்குள்ளே எங்கே இருந்தார் என்று மெல்ல மெல்லத்தான் கேட்கத் தொடங்கினேன்.

சரி, இப்போது கோயிலின் கதை. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் கோயிலுக்குப் போக அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கும். இடிக்க முதல் பூசகர்கள் சில விக்கிரகங்களைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்துவிட்டார்கள். அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள், புதைத்த இடமும் யாருக்கும் தெரியாமல் போனது. 1950இல் கிணறு தோண்டும்போதுதான் சோமாஸ்கந்தர், அம்பாள், பிள்ளையார் எல்லாம் வெளியே வந்தார்கள். 1963இல் கும்பாபிஷேகம். நடுவில் முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த மலையில் கோயிலே இல்லை. கோயில் இல்லாத காலத்தில் சனம் என்ன செய்தது தெரியுமா? வெறும் பாறைக்குப் போனார்கள். பாறை விளிம்பில் நின்று கற்பூரம் காட்டி, பூவையும் வெற்றிலையையும் கடலில் போட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். மூர்த்தி இல்லை, கோபுரம் இல்லை, அடுத்த தலைமுறையாவது பார்க்கும் என்ற உறுதியும் இல்லை. அவர்கள் நின்ற மலையடியிலேயே, மண்ணுக்குள்ளே, அவர் இருந்தார்.

பள்ளிக்கூடத்தில் சைவநெறிப் பாடத்தில் ஐந்தொழில் படித்திருப்பீர்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கிய சொற்கள். நாலாவதை நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. மறைந்திருப்பதும் அவர் செய்கிற தொழில், அதுவும் அருள்தான் என்று எங்கள் பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் மறைகிறார் என்பதற்கு ஆணவம், மலபரிபாகம் (உயிரைப் பிடித்த அழுக்கு பக்குவப்படுவது) என்று சாத்திரம் விளக்கம் சொல்லும், அதை எல்லாம் சொல்லி என் பிள்ளை போனதை என்னால் விளக்க முடியாது, விளக்கவும் விருப்பமில்லை. ஆனால் தெரியாமல் இருக்கிறவரும் இல்லாமல் போனவரும் ஒன்று இல்லை என்பதை நான் மனதாரப் பிடித்துக்கொண்டேன். அதில்தான் இன்றைக்கும் நிற்கிறேன்.

2020 தைப்பூசத்துக்கு அம்மாவோடு மலை ஏறினேன். கும்பிடவில்லை, சண்டைதான் பிடித்தேன். மலைப்பாறையில் இராவணன் வெட்டு என்று சொல்கிற பிளவின் பக்கம் நின்று வாய்விட்டுக் கேட்டேன், ஏன் என்று. பதில் வரவில்லை. உங்களுக்கும் கோபம் இருந்தால் அதை அடக்கிக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரிக் கைகூப்பாதீர்கள். கண் பார்வை போனபோது சுந்தரர் சிவனையே முகத்துக்கு நேரே ஏசிப் பாடினார், அதையும் நாங்கள் தேவாரம் என்றுதான் ஓதுகிறோம்.

அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது, அதனால்தான் இப்படி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் பிள்ளை இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் அப்பாவின் வள்ளம் வாரக்கணக்கில் கரையில் கிடந்தபோதும் கேட்டது உடனே நடக்கவில்லை, வரிசையில் நின்றுதான் நாட்களைக் கடத்தினோம். ஆனாலும் அவர் நல்லவர் என்று நான் சொல்கிறேன், மனதில் இருந்துதான் சொல்கிறேன். மணல் திட்டுக்குக் கஞ்சி வாளியோடு வந்தவரையும், மல்லிகைப் பூவோடு வந்த பொடியனையும் நான் கூப்பிடவில்லை, இன்னார் வருவார் என்று நினைக்கவும் இல்லை. இந்த இரண்டையும் தற்செயல் என்று ஒருவர் சொன்னால் நான் வாதாடப் போவதில்லை, ஆனால் என்னால் அப்படிச் சொல்ல முடியாது, வாய் வராது.

கிண்ணியா உம்மாவோடு இன்றைக்கும் தொடர்பு இருக்கிறது. பெருநாளுக்கு அங்கேயிருந்து வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு நாங்கள் கொண்டுபோவோம்.

அம்மாவின் மருந்தை ஒருநாளும் விடாதீர்கள், நேர்த்தி வைத்திருக்கிறோம் என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வேலை போனதைச் சொந்தங்களிடம் மறைக்காதீர்கள், தெரிந்தவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் ஒளித்து வைத்தால் வருகிறவர்களுக்கு எங்கே வருவது என்று தெரியாது.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் அம்மாவும் கோயிலுக்குப் போகிறோம். அம்மாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது, கோட்டைக்குள் மான்கள் மேய்கிற இடத்தில் இரண்டு தரம் இருந்து எழும்பித்தான் ஏறுவார், அதனால் நேரத்தோடு வெளிக்கிடுவோம். கோணேசர் கோயில் அம்பாளான மாதுமைக்கு உங்கள் அம்மாவின் பேரில் ஒரு அர்ச்சனை செய்விக்கிறேன். பெயரும் நட்சத்திரமும் மட்டும் தனிச்செய்தியில் அனுப்பி வையுங்கள், நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயர் போதும்.