நுனி இருக்கும்வரை

அன்புள்ள ஐயா,
கருவை வளர்க்கும் செல் சமிக்ஞைகளே புற்றையும் வளர்க்கின்றன என்று வகுப்பில் படித்தோம். உயிரைப் படைத்த சக்தியே எதிரியாக மாறுவது ஏன்? என் அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. பப்பாளி இலைச்சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். இந்தத் துறையில் நான் ஆய்வுக்குப் போகலாமா?
— ஒரு மாணவி, சேலம்

அன்புள்ள மாணவிக்கு,

இலைச்சாற்றைப் பற்றி மருத்துவரிடம் கேள். ‘படைத்த சக்தி’, ‘எதிரி’ என்கிறாயே, உயிரியல் படிக்கும் பெண் பட்டிமன்றத் தமிழிலா எழுதுவது?

ஏற்காட்டில் அப்பா காப்பித் தோட்டத்தில் கவாத்து வேலை பார்த்தார். இடுப்பளவு வளர்ந்த செடியின் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். சில வாரங்களில் தண்டெங்கும் போத்துகள் கிளம்பும். வெளிர்பச்சையாக, சுண்டுவிரல் நீளம். அவற்றை ஒடிப்பது சிறுவர்களான எங்கள் வேலை. உரம் போட்டதால்தான் முளைக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்பா சிரித்தார். “நுனி இருக்கும்வரை இவை தூங்கும். யாரும் எழுப்பவில்லை, அதட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.” நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் அந்த மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன்.

உன் பாடத்திலும் இதே கதைதான். நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு, வீஷாஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1980இல் பழ ஈக்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு வருகிறது. அந்த மரபணு கெட்ட புழுவின் உடலில் முள் மொய்த்திருக்கும். அதனால்தான் அந்த மரபணுவுக்கு முள்ளெலியின் பெயர் வந்தது. அதன் உறவுக்கார சமிக்ஞைதான் கருவில் உன் கையின் சுண்டுவிரல் பக்கத்தில் சுரந்து, எது சுண்டுவிரல், எது மோதிர விரல் என்று பிரித்தது. அது செல்லை உந்தித் தள்ளுவதில்லை. செல்லின் சவ்வில் பேட்ச்ட் என்ற புரதம் ஸ்மூதன்ட் என்ற இன்னொரு புரதத்தை அமுக்கி வைத்திருக்கிறது. ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பற்றிக்கொண்டால் பிடி விடுகிறது. கருவில் அது கொஞ்ச நேரம், ஓரிடத்தில் மட்டும். பேட்ச்டே பழுதாகிவிட்டாலோ, சமிக்ஞை வராமலே ஸ்மூதன்ட் ஓடிக்கொண்டிருக்கும், செல்லும் பெருகிக்கொண்டே போகும். தோலில் வரும் அடித்தளச் செல் புற்று பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அங்கே புதிதாக எந்தச் சக்தியும் பிறக்கவில்லை, அம்மா. அதட்ட ஆள் இல்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், நண்பர்களுக்கெல்லாம் சலித்துவிட்டது.

அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு காட்டுச்செடியைத் தின்ற ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. செடியிலிருந்த நஞ்சு ஸ்மூதன்டை அடக்கியதுதான் காரணம். அதே இடத்தில் கைவைக்கும் மருந்து 2012இல் தோல்புற்றுக்கு அனுமதி பெற்றது. கருவுற்ற பெண்கள் அதைத் தொடக்கூடாது. ஏன் என்று நீயே யோசி.

ஆய்வுக்குப் போ, யார் தடுத்தது? அம்மாவுக்கு வந்தது எந்த வகை என்று நீ எழுதவே இல்லை. பயாப்சி அறிக்கை வீட்டில்தானே இருக்கும்? இன்றிரவு அதை எடுத்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படி.