வால் பிளந்திருந்தால் பருந்து

கால்நடை மருந்தகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எங்கள் குமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தையும் மணக்குடிக் காயலையும் பைனாகுலரோடு சுற்றுவது அதைவிடப் பழைய பழக்கம். பாறுகளைப் பற்றி, அதாவது ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்பார்களே, அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவைத்தேன். வந்து குவிந்ததில் பாதி ஒரே கேள்வி. சரி, தொடங்குவோம்.

குளச்சல்: அண்ணாச்சி, எங்கள் கடப்புறத்தில் தினமும் ஐம்பது கழுகு சுற்றுகிறது. அழிந்துவிட்டது என்கிறீர்களே?

அது பருந்து. மீன் குடலுக்கு வருகிறது. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்பும் இருந்தால் கிருஷ்ணப் பருந்து. பழுப்பாக, வால் நுனி பிளந்திருந்தால் கரும்பருந்து. பாறு அதைவிட மிகப் பெரிது, வால் குட்டை, கழுத்தில் மயிர் கிடையாது. உங்கள் வல்லத்துக்கு மேலே அது வராது.

ஆசாரிபள்ளம்: ஒக்கிப் புயலில் இங்கே பிடித்தார்களே, அதுவும் பருந்துதானா?

இல்லை, அது அசல் பாறுதான். 2017 ஒக்கியில் அடித்துவரப்பட்டுச் சோர்ந்து விழுந்த சினேரியஸ் வகை. மத்திய ஆசியப் பக்கத்துப் பறவை, குளிருக்கு ராஜஸ்தான் வரை வரும். சிறகை விரித்தால் எட்டடிக்கு மேல். உதயகிரிக் கோட்டையில் ஐந்து வருடம் கூண்டில் இருந்தது. 2022 நவம்பரில் சென்னைக்குக் கொண்டுபோய், விமானத்தில் ஜோத்பூருக்கு அனுப்பினார்கள். பேரும் ஒக்கிதான். கூண்டுக்கு முன்னால் நின்று “எப்பா, எவ்வளவு பெரிய பருந்து” என்று பிள்ளைகளுக்குக் காட்டியவர்களை நானே கண்டிருக்கிறேன்.

குலசேகரம்: மாடு மடி வீங்கித் துடிக்கும்போது டைக்ளோ (டைக்ளோபினாக் வலி ஊசி) போடாதே என்றால் வேறு என்ன செய்ய?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன். மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் கேட்கும், பாறுக்குக் கெடுதல் இல்லை. டோல்பெனமிக் அமிலமும் அப்படித்தான். டைக்ளோபினாக் கால்நடைக்குக் கூடாது என்று 2006லேயே தடை வந்துவிட்டது. 2023ல் கீட்டோப்ரோபென், அசிக்ளோபினாக், அதற்குப் பிறகு நிமெசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

ஏன் இத்தனை கெடுபிடி? டைக்ளோபினாக் போட்டு இரண்டொரு நாளில் செத்த மாட்டைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் நின்றுபோகும். அறுத்துப் பார்த்தால் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். ஒரு மாட்டில் ஒரு கூட்டமே உட்கார்ந்து தின்னும் சாதி. அதனால் நூறு சடலத்தில் ஒன்றில் மருந்து இருந்தாலே போதும், இனம் அழியும். இப்படிக் கூட்டமாய்த் தின்னும் பாறு வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும் என்பதை மறக்காதீர்கள். வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிட்டது.

தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான 30 மில்லி பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால்தான் 2015ல் அதை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். அதற்கு அப்புறமும் ஒரு தொழுவத்தில் ஓலை இடுக்கில் பெரிய பாட்டில் ஒன்றைப் பார்த்தேன். லேபிள் மஞ்சளாகிவிட்டது, ரப்பர் மூடி முழுக்க ஊசி குத்திய ஓட்டை. “இன்னும் ரெண்டு ஊசிக்கு இருக்கு சார்” என்றார் அந்த அம்மா. வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் மாட்டாஸ்பத்திரியில் கொண்டு கொடுங்கள். ஊசி போட வருபவரிடம் மருந்தின் பேரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

குலசேகரம் மறுபடியும்: செத்த மாட்டை நாங்கள் விளையில் தென்னை மூட்டில் புதைக்கிறோம். இங்கே பாறும் இல்லை. யாருக்கு நஷ்டம்?

நியாயமான கேள்வி. புதைத்த மாட்டால் எந்தப் பாறும் சாகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாடெல்லாம் உங்கள் விளையிலா சாகிறது? சந்தையில் தரகரிடம் கொடுத்த நோஞ்சான் மாடு எந்த மலையடிவாரத்தில் விழும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொன்று, உங்களுக்காக அந்த மருந்தை வாங்கி வைக்கும் கடை மற்றவருக்கும் கொடுக்கும்.

நாகர்கோவில்: நம் மாவட்டத்துக்குப் பாறுகளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

எனக்கு ஆசைதான், ஆனால் நம்பிக்கை இல்லை. ரப்பர், தென்னை, நெருக்கமான வீடுகள். திறந்த வெளியில் சடலம் கிடப்பதில்லை. எதைத் தின்னும்? தமிழ்நாட்டில் பாறு இருப்பது மாயாறு, சீகூர், முதுமலை, சத்தியமங்கலம் பக்கம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்து 2023 டிசம்பரில் எண்ணியது 320. முதலில் அவற்றைக் காப்பாற்றுவோம்.

தோவாளை: பிணம் தின்னும் அசிங்கப் பறவைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பாறு இல்லாமல் போனால் அந்தப் பிணத்தை நாய் தின்னும், நாய் பெருகும், வெறிநோய் பெருகும், தண்ணீரும் கெடும். இரண்டு பொருளியலாளர்கள் 2024ல் வெளியிட்ட கணக்கு இது: 2000 முதல் 2005 வரை பாறு இழப்பால் கூடுதலாக 5 லட்சம் மனிதர்கள் செத்தார்கள். அசிங்கம் எது என்று அப்புறம் பேசுவோம்.

தோவாளை: அப்படியானால் ஜடாயுவும் பிணந்தின்னியா? சாமியை அவமதிக்காதீர்கள். ஜடாயு பருந்துதான்.

இதற்கு ஒன்பது பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கேரளத்துச் சடையமங்கலத்தில் இருக்கும் ஜடாயு சிலையின் அலகையும் இறகையும் காட்டி ஒருவர் பருந்து என்கிறார். சிலை சிற்பியின் கற்பனை. வால்மீகி ஜடாயுவை கிருத்ரராஜன் என்கிறார். கிருத்ரம் என்றால் பாறு, இந்தியில் ‘கித்’ என்பதும் அந்தச் சொல்தான்.

“ராஜாளியாகவும் இருக்கலாமே” என்று சுசீந்திரத்திலிருந்து ஒருவர். அதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி, பறவைகள் பறக்கும் உயரங்களை அடுக்கிச் சொல்லும் இடத்தில் சியேனம், அதாவது ராஜாளி, நாலாவது பாதை. கிருத்ரம் ஐந்தாவது, அதற்கும் மேலே. இரண்டும் வேறு என்று சம்பாதியே பிரித்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே இலங்கையில் சீதை இருப்பதையும் பார்த்துச் சொல்கிறார். அனுமன் தாவிய மலை நம் மகேந்திரகிரி என்று சொல்லிப் பெருமைப்படுகிறோமே, திசை காட்டியது ஒரு பாறு. அதைச் சொன்னால் சாமிக்கு என்ன அவமானம்?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று பேர் வைத்துவிட்டு யாரும் விரும்பவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. பாறு என்று நல்ல பழைய தமிழ்ச்சொல் இருக்கிறது, அதையே சொல்லுங்கள். சண்டையை இதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆரல்வாய்மொழி: திருக்கழுக்குன்றத்தில் சோறு உண்ண வந்த ஜோடி?

மஞ்சள்முகப் பாறு. இப்போது வருவதில்லை.

கீரிப்பாறை: ஆட்டைத் தூக்கும் நாய்க்கு விஷம் வைத்தால் பாறுக்கு ஆகாதா?

ஆகாது. செத்ததைத் தின்னும் எதற்கும் ஆகாது. விஷம் வைக்காதீர்கள், குற்றமும்கூட.

தேங்காப்பட்டணம், முட்டம், சின்னமுட்டம், கொட்டாரம் (நான்கும் ஒரே கேள்வி): நேற்று ஒரு பெரிய கழுகைப் பார்த்தோம், பாறாக இருக்குமா?

மக்கா, மேலே குளச்சலுக்குச் சொன்னதைப் படியுங்கள். படம் இருந்தால் அனுப்புங்கள். வால் பிளந்திருந்தால் அனுப்ப வேண்டாம்.